மறைத்துக் கொடுக்கும் வள்ளல்

கேட்டதைக் கொடுப்பவனை வள்ளல் என்று பாடி வைத்தார்கள். கேட்டதைக் கொடுத்து, கண்ணுக்குச் சங்கடமானதை அப்பால் எடுத்தும் வைப்பவன் கிடைத்தால் அவனை என்ன சொல்லிப் பாடுவது? ஆய்வகங்களில் எலியையும் மீனையும் பூச்சியையும் வீடியோவில் பின்தொடர்ந்து, அவற்றின் நடமாட்டத்தை எண்ணாக்கித் தரும் மென்பொருளின் திரைக்கு அந்தப் பாட்டு உரியது. அதன் கூர்மையை எத்தனையோ பேர் மெச்சிவிட்டார்கள். நான் மெச்ச வந்தது அதன் பணிவை. எந்தச் சாளரம் தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது, எது எவ்வளவு பெரிதாக நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அது முன்னால் உட்கார்ந்திருப்பவரிடமே விட்டுவிடுகிறது. காட்டு, மறை என்று ஒரு பொத்தான். அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். வேண்டாததற்கு எதிரே இருக்கும் குறியை எடுத்துவிட்டால் அது திரையை விட்டுப் போய்விடும். ஏன் என்று அது கேட்பதில்லை.

இந்த வசதி தானாக முளைக்கவில்லை. நெதர்லாந்தின் வாகனிங்கனில் லூக்காஸ் நோல்டஸ் என்ற பூச்சியியல் மாணவர் டிரைக்கோகிரம்மா குளவியின் நடத்தையை ஆராய்ந்துகொண்டிருந்தார். கரும்புக் கொல்லைக்காரர்களுக்குத் தெரிந்த அதே முட்டை ஒட்டுண்ணிதான். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தக் குளவி எப்போது நடக்கிறது, எப்போது நிற்கிறது, எப்போது முட்டையைத் தொட்டுப் பார்க்கிறது என்று கண்ணெடுக்காமல் பார்த்துப் பதிய வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தைக் குறைக்க எழுதிய நிரலிலிருந்துதான் 1989இல் அவருடைய நிறுவனம் பிறந்தது. எத்தோவிஷன் என்னும் வீடியோத் தட மென்பொருள் பின்னால் வந்தது. முதலில் வந்த நிரலுக்கு மனிதக் கண் வேண்டும்: பார்ப்பவர் பார்த்துப் பொத்தானை அழுத்தினால்தான் பதிவாகும். அவர் காலத்து ஆய்வாளர்களுக்கு விலங்கைப் பார்க்காமல் தப்ப வழியே இருக்கவில்லை. நமக்கு அந்த வழி திறந்துவிட்டது. அவ்வளவு பார்த்த ஒருவரின் உழைப்பு, ஒன்றும் பார்க்காமல் ஆய்வு முடிக்கும் சுகத்தை நமக்குத் தந்திருக்கிறது. நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

மென்பொருளை முதல் முறை திறப்பவருக்குத் திரை நெரிசலாகத் தெரியும். நடுவில் வீடியோ, அதில் எலியின் உடல் மேல் நிறம் பூசி, நடுவில் ஒரு புள்ளி, மூக்கில் ஒரு குறி, வால் தொடங்கும் இடத்தில் ஒரு குறி. பக்கத்தில் எத்தனை ஃபிரேம் எடுத்தது, எத்தனையில் விலங்கைக் காணவில்லை என்று சொல்லும் நிலைச் சாளரம். கீழே எலி போன தடம். அதற்கும் கீழே தூரம், வேகம், ஓரத்தில் கழித்த நேரம் என்று அட்டவணை. புதிதாக வந்த பிள்ளை எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைத்து நிற்கும். அப்போது ஒரு மூத்தவர் வந்து பரிவோடு சொல்வார்: “வீடியோவைப் பாத்துக்கிட்டு ஒக்காந்தா வேலை ஆகாது தம்பி. டேபிள் மட்டும் போதும், மத்ததெல்லாம் மூடிரு.” அந்தப் பரிவில் பொய் இல்லை. வீடியோவை மூடினால் கணினிக்கும் பாரம் குறைகிறது. எலி பயந்து மூலையில் நடுங்குவதைக் கண்ணால் பார்த்தால் மனசும் கொஞ்சம் கனக்கும். மூடினால் அந்தப் பாரமும் போய்விடுகிறது.

அடுத்து மூடப்படுவது நிலைச் சாளரம். திரையில் ஓயாமல் குறை சொல்லும் ஒரே உறுப்பு அதுதான். வெள்ளை எலியை வெளிர்த் தரையில் விட்டால், விளக்கின் பளபளப்பு தரையில் விழுந்தால், கேமரா எலியைத் தொலைக்கும். தொலைத்ததை அந்தச் சாளரம் சதவீதத்தோடு சொல்லிக்கொண்டே இருக்கும். அதை மறைத்தபின் அமைதி. காணாமல் போன எலி அடுத்த முறை தென்படும்போது, விட்ட இடத்திலிருந்து வந்த இடத்துக்கு ஒரு நேர்கோடு போட்டு இட்டு நிரப்பிக்கொள்ளலாம். எலி சுவரை ஒட்டிச் சுற்றிப் போயிருக்கலாம், இருந்த இடத்திலேயே சுருண்டு கிடந்து பிறகு பாய்ந்திருக்கலாம். கோடு அதையெல்லாம் கேட்காமல் மிகக் குறுகிய வழியில் போய்ச் சேருகிறது. கையால் யாரும் அவ்வளவு நேராகக் கோடு போட முடியாது.

இதையும் மிஞ்சிய ஒரு வரத்தை அது கொடுக்கிறது: தூங்குகிற விலங்கை நடக்க வைப்பது. நொடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடச் சோதனையில் 15,000 மாதிரிகள். எலி அசையாமல் கிடந்தாலும் உடலின் நடுப்புள்ளி ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே பிக்சலில் நிற்பதில்லை. மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்குகிறது, வெளிச்சம் மினுங்குகிறது, மயிரின் விளிம்பு ஒரு தரம் உள்ளே, ஒரு தரம் வெளியே. அந்த நடுக்கம் ஒரு மாதிரிக்கு ஒரு மில்லிமீட்டர் என்றாலே கூட்டுத்தொகை 15 மீட்டர். அட்டவணையில் சுத்தமாக விழும்: கடந்த தூரம், 1,500 சென்டிமீட்டர். நடுக்கத்தை வடிகட்டும் வசதி மென்பொருளில் உண்டு. இத்தனை மில்லிமீட்டருக்குக் குறைவான அசைவை எண்ணாதே என்று வரம்பு வைக்கலாம். அந்த வரம்பு சரியா என்று சோதிக்க ஒரே வழி, வீடியோவையும் தடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டையும் மூடி வைத்திருக்கிறோமே. ஆக, மயக்க மருந்து கொடுத்த எலி கொஞ்சம் உலாவியதாக முடிவு எழுதலாம். மருந்துக்கு நல்ல பெயர்.

மூக்கும் வாலும் இடம் மாறுவது இன்னொரு அருள். எலி சுருண்டு திரும்பும்போது மென்பொருள் சில சமயம் வால் பக்கத்தை மூக்கென்று எண்ணிக்கொள்ளும். எலி பின்பக்கமாக நடந்து, வாலால் புதிய பொருளை முகர்ந்து ஆராய்ந்ததாகப் பதிவாகும். நினைவாற்றல் சோதனையில் அந்த முகர்ந்த விநாடிகள்தான் முடிவே. வீடியோவில் ஒரு பார்வை பார்த்தால் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். தடத்தைத் திருத்தும் கருவியும் உள்ளேயே இருக்கிறது. அட்டவணையிலோ 14.2 விநாடி, 11.8 விநாடி என்று எல்லா எண்ணும் ஒரே சட்டை போட்டு நிற்கும். எது மூக்கின் எண், எது வாலின் எண் என்று அங்கே பாகுபாடு கிடையாது. சமத்துவம் என்றால் இதுதான்.

கால்வின் ஹால் 1934இல் திறந்த களத்தில் எலியை விட்டு அதன் பதற்றத்தை அளந்தபோது எதை எண்ணினார் தெரியுமா? கழிவை. பயந்த எலி பிழுக்கை போடும், சிறுநீர் விடும். அதுவே அவருக்கு அளவுகோல். இன்று அதே களம், அதே எலி, மேலே கேமரா. திரையில் பிழுக்கைக்கு ஒரு சாளரம் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு சோதனை முடிந்து அடுத்த எலி வருவதற்குள் சாராய நெடி வீசும் துணியால் தரையைத் துடைக்கும் உதவியாளருக்கு மட்டும் எந்த எலி எவ்வளவு பயந்தது என்று தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய தேவையையும் திரை வைக்கவில்லை. பல நேரம் அந்தத் துணியைப் பிடித்திருக்கும் கை, செம்பனைத் தோட்டத்து லயத்திலிருந்து படிக்க வந்த ஒரு பிள்ளையின் கையாக இருக்கும். பார்க்கக் கற்ற கண் அது. அந்தக் கண்ணை அட்டவணைக்கு முன்னால் உட்கார வைத்துப் பழக்குகிறோம்.

வேண்டியதை மட்டும் காட்டும் இந்த அழகு எங்கள் மலேசியப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. கோல சிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா, அதன் பக்கத்தில் தென்னமரம் தோட்டம். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட மண் அது. அங்கிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக் வரைக்கும், வடக்கே தஞ்சோங் காராங் தாண்டியும், இருட்டோடு பிரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். எழுத்தரான கிராணி ஐயா பேர் கூப்பிடுவார். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் கோடு விழும். யார் வந்தார், என்ன வேலை, எவ்வளவு கூலி. துரைக்கு வேண்டிய கட்டங்கள் அவ்வளவுதான், அந்தத் தாளும் பார்க்க லட்சணமாகவே இருக்கும். ரப்பர்ப் பால் வாளியோடு மேடேறிய பெண்ணின் முழங்காலுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் செக்ரோல் நம் திரைக்கு ஒரு படி கீழேதான் நிற்க வேண்டும். அதை எழுதியவர் விடியலில் பிரட்டுக் களத்தில் நின்று, முகங்களைப் பார்த்தபடி எழுத வேண்டியிருந்தது. கோடு போட்ட கைக்குச் சொந்தமான கண் அந்த முழங்காலையும் பார்த்தது. மனசிருந்தால் அன்றைக்கு இலேசான நிரையில் விட்டது. நம் திரை அந்த இடைஞ்சலையும் நீக்கியிருக்கிறது.

திரையை இப்படி அடுக்கத் தெரியாதவர்களும் உண்டு. சிலாங்கூர் ஆற்றில் கம்போங் குவாந்தானுக்குப் போயிருப்பீர்கள். கரையில் பெரெம்பாங் மரங்கள், அவற்றில் ஒரே தாளத்தில் விட்டு விட்டு ஒளிரும் மின்மினி. கெப்போங்கிலிருக்கும் மலேசிய வன ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் கிர்ட்டனும் அவருடைய குழுவினரும் அந்த மரங்களை இரவில் டிஜிட்டல் கேமராவால் படமெடுத்து, படத்திலுள்ள ஒளிப்புள்ளிகளைக் கணினியால் கணக்கிட்டு, மின்மினி கூடுகிறதா குறைகிறதா என்று கண்காணிக்கும் முறையை உண்டாக்கினார்கள். 2012இல் அது ஆய்விதழில் வெளிவந்தது. பூச்சியைப் பிடிக்காமல், மரத்தைக் குலுக்காமல் எண்ணுகிற முறை. அங்கேயே நின்றிருக்கலாம். கறுப்புத் திரையில் மின்னும் புள்ளிகள், பக்கத்தில் ஏறி இறங்கும் ஒரு வரைகோடு: இதைவிட அழகான திரை உலகில் எந்த ஆய்வகத்துக்கும் கிடைக்காது.

நிற்கவில்லை அவர்கள். படகை விட்டு இறங்கிச் சேற்றுக்குப் போனார்கள். மரத்தில் ஒளிர்வது வளர்ந்த பூச்சி. இணை தேடி வந்த கூட்டம். அதன் புழு வாழ்வது கரைக்கு உள்ளே, நீப்பா, ரும்பியா நிழலில் ஈரமான மண்ணில், சின்ன நத்தைகளைத் தின்று. மரத்தை மட்டும் விட்டுவிட்டுக் கரைக் காட்டைச் செம்பனைக்காக வழித்தால், மரத்தில் அன்றிரவு ஒளி குறையாது. குறைவது மண்ணிலிருந்து எழ வேண்டிய அடுத்த தலைமுறை. இலைக்குப் பின்னால் இருப்பதைக் கேமரா பார்க்காது, மண்ணுக்குள் இருப்பதை எண்ணாது. இதைக் கண்டு சொல்ல ஒருவர் மண்டியிட்டு மண்ணைக் கிளற வேண்டியிருந்தது. ஆற்றோரத்தை ஏன் காக்க வேண்டும் என்று இன்று வாதாட நம் கையில் ஆதாரம் இருக்கிறதென்றால், அது திரையின் அருமை அறியாத அந்த மனிதர்களின் சேறு படிந்த முழங்காலால் வந்தது.

எலிக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு பழைய சோதனைக்களம் உண்டு. செம்பனை நிரைகளுக்கு இடையில் வெட்டி அடுக்கிய மட்டைகளின் அடியில் மர எலி கூடு கட்டும்; பழத்தைக் கடிக்கும்; ஆண் பூவில் இருக்கும் வண்டின் புழுவையும் தேடித் தின்னும். 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து மகரந்தம் பரப்பக் கொண்டுவந்த வண்டு அது. எலியைக் கட்டுப்படுத்த, கூகைக்குக் கம்பத்தில் பெட்டி வைப்பது ஒரு வழி, எலி மருந்து இன்னொரு வழி. மருந்துக் கட்டியை மரத்துக்கு ஒன்றாக வைத்துப் போவார்கள். சில நாள் கழித்துத் திரும்ப நடந்து, எது எடுக்கப்பட்டது, எது கிடக்கிறது என்று மரம் மரமாகப் பார்த்து, போன இடத்தில் புதிதாக வைப்பார்கள். எடுப்பது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை இந்தச் சுற்று நடக்கும். காகிதத்தில் இரண்டே குறிகள்: எடுத்தது, எடுக்கவில்லை. ஆனால் சுற்றி வரும் அக்காமார் பழத்தில் பல் தடத்தைப் பார்ப்பார்கள், ஈரமாக இருக்கிறதா, காய்ந்து கறுத்துவிட்டதா என்று. மருந்து கிடக்க, பழத்தில் புதுக் கடி இருந்தால் எலி ஒழிந்துவிட்டதாக அவர்கள் எழுத மாட்டார்கள். எலியை ஒரு ஃபிரேமிலும் பார்க்காதவர்கள் எலியின் நடத்தையை அறிந்தார்கள். எலியை 15,000 ஃபிரேமில் வைத்திருக்கும் நாம் அறிவதற்கு அட்டவணை வரும்வரை காத்திருக்கிறோம்.

வள்ளலின் உச்சக் கொடையை இன்னும் சொல்லவில்லை. சோதனை முடிந்து எல்லா விலங்கின் எண்ணும் வந்தபின், எந்த நெடுவரிசை தெரிய வேண்டும் என்பதையும் அது நம்மிடமே விடுகிறது. தூரம், சராசரி வேகம், நடுக்களத்தில் இருந்த நேரம், நடுக்களத்துக்குப் போன தடவை, முதலில் போக எடுத்த நேரம், அசையாமல் கிடந்த நேரம் என்று ஒரே தடத்திலிருந்து பத்து, இருபது அளவைகள் பிழியலாம். இருபதில் ஒன்று தற்செயலாகவே நமக்குச் சாதகமாக விழும் வாய்ப்பு நிறைய. சாதகமானதை விட்டு மற்றவற்றின் குறியை எடுத்துவிட்டால், இருபது கேள்வி கேட்டதற்கான சுவடு திரையில் இருக்காது. ஒரு கேள்வி கேட்டு ஒரு பதில் பெற்றவர்போல நேர்மையாகத் தெரிவோம். சோதனைக்கு முன்பே எந்த அளவையைப் பார்க்கப்போகிறோம் என்று எழுதி வைத்துவிட்டால் இந்த வசதியை இழந்துவிடுவோம். அதனால்தானோ என்னவோ, முன்பே எழுதி வைக்கும் வழக்கம் பல ஆய்வகங்களில் இன்னும் வேர்விடவில்லை.

2018இல் வந்த டீப்லேப்கட் போன்ற புதிய கருவிகள் காதையும் பாதத்தையும் விரலையும் தனித்தனியே பின்தொடர்கின்றன. காட்டுவதற்கு முன்னைவிட அதிகம், மறைப்பதற்கும் அதிகம்.

ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் எழுதிய நூலுக்குப் பிறகு, ஆய்வுக்கு விலங்கின் எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை, முடிந்தால் விலங்கே இல்லாமல் செய் என்பதை எல்லா நெறிக்குழுவும் ஏற்கிறது. விண்ணப்பப் படிவத்தில் எத்தனை எலி, ஏன் அத்தனை, முடிவில் எப்படி உயிர் போக்குவது என்று கேட்பார்கள். பதில் எழுதுகிறோம். அந்த எலி தன் வாழ்நாளில் நமக்காகச் செய்வது களத்தில் அந்தப் பத்து நிமிடம்தான். அதைப் பத்து நிமிடம் முழுதாக ஒரு மனிதர் பார்த்தாரா என்ற கேள்வி நான் கண்ட படிவங்களில் இல்லை. நாற்பது எலி என்றால் நாற்பது பத்து நிமிடம்; ஒரு வேலை நாளுக்குள் அடங்கும். அந்த ஒரு நாளை நமக்கு மிச்சப்படுத்திக் கொடுத்ததற்காகத்தான் இத்தனை புகழும்.

அமைத்த திரையைச் சேமித்து வைக்கவும் முடியும். மூத்தவர் மூடியவை மூடியபடியே இளையவருக்கு வந்து சேரும், அவரிடமிருந்து அடுத்தவருக்கு. மூன்றாவது கைக்கு வரும்போது அங்கே இன்னொரு சாளரம் இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது. பட்டம் முடிந்து போகிறவர் போகும்போது வட்டில் இடமில்லை என்று வீடியோக் கோப்புகளையும் அழிப்பார். அட்டவணை சில கிலோபைட். வீடியோவோ பல கிகாபைட். எதை வைத்துக்கொள்வது என்பதில் அவருக்குக் குழப்பம் வராது. கணினி ஒரே ஒரு முறை, உறுதியாகவா என்று கேட்கும். ஆம் என்று அழுத்தியபின், 14.2 விநாடி முகர்ந்தது மூக்கா வாலா என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது. எலி முன்பே போய்விட்டது.